சரிவு நிலத்தில் மரக்கறி: பசளைக்கு முன்னால் மண்ணை நிறுத்துங்கள்

வெலிமடைக்கும் ஹப்புத்தளைக்கும் நடுவே உள்ள ஒரு தோட்டத்திலிருந்து தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். லயத்துக்குப் பின்னால், பழைய தேயிலையைப் பிடுங்கிய சரிவில், இருபது பேர்ச் அளவில் குடும்பமாக மரக்கறி செய்கிறார்கள். போஞ்சி, கோவா, தக்காளி, ஒரு மூலையில் உருளைக்கிழங்கு. சில வருடங்களாக விளைச்சல் இறங்கிக்கொண்டே வருகிறது. பசளைச் செலவு ஏறுகிறது, மருந்து அடித்தும் புழு சாவதில்லை, ஆடி ஆவணியில் பீலித் தண்ணீர் போதவில்லை. "இரசாயனத்தை முழுதாக விட்டுவிட்டு இயற்கை முறைக்கு மாறினால் சரியாகுமா? எதிலிருந்து தொடங்குவது?" என்பது அவர் கேள்வி.

தம்பி, மண், தண்ணீர், புழு என்று மூன்றையும் தனித்தனியாக எழுதியிருக்கிறீர்கள். நான் பார்க்கிற விதத்தில் மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். உங்கள் காணியில் மண் நிற்பதில்லை. மண் நிற்காத இடத்தில் தண்ணீரும் நிற்காது, போட்ட பசளையும் நிற்காது. அரைப்பட்டினியாக வளரும் பயிரைத்தான் நோய் முதலில் பிடிக்கும். அதனால் இயற்கையா இரசாயனமா என்பது இரண்டாவது கேள்வி. முதல் கேள்வி, அடுத்த ஐப்பசி மழைக்கு உங்கள் மேல்மண் எங்கே இருக்கும் என்பது.

ஊவாப் பக்கத்து ஐப்பசி, கார்த்திகை மழை உங்களுக்குத் தெரியும். மத்தியானம் வரை வெயில் காயும், மூன்று மணிக்கு மேல் இடியோடு அடித்துக் கொட்டும். அந்த நேரத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு காணியின் அடிக்கானில் போய் நில்லுங்கள். ஓடுகிற தண்ணீர் பால் தேத்தண்ணி நிறத்தில் இருந்தால், போன மாதம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட பசளையும் அதில்தான் போகிறது. மழை எல்லா மண்ணையும் ஒரே மாதிரி எடுக்காது. மணலையும் கல்லையும் விட்டுவிட்டு, நுண்ணிய களியையும் மக்கிய கரிமப் பொருளையும்தான் முதலில் அள்ளும். சத்தைப் பிடித்து வைத்திருப்பது அந்த இரண்டும்தான். மீதி நிற்பது செம்மஞ்சள் அடிமண். அதில் எதைப் போட்டாலும் பயிர் சோர்ந்தே நிற்கும்.

இது உங்கள் குடும்பம் செய்த குற்றமில்லை. மலையகத்தில் காட்டை வெட்டிக் கோப்பி போட்ட காலத்திலிருந்து நடப்பது. 1869இல் கோப்பி இலையில் துரு நோய் வந்து அந்தப் பயிரே அழிந்த பிறகு, அதே சரிவுகளில் தேயிலை ஏறியது. வரிசைக்கு நடுவே ஒரு புல் கூட இருக்கக்கூடாது என்று சுரண்டி எடுப்பதுதான் அப்போது நல்ல தோட்டத்துக்கு அடையாளம். நம் முன்னோர் கையால் சுரண்டிய அந்த வெற்று நிலத்திலிருந்து எத்தனையோ மழைக்கு மேல்மண் ஆற்றில் இறங்கிவிட்டது. 1951இலேயே மண் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டிய அளவுக்கு நிலைமை போயிருந்தது. ஆக, உங்களிடம் வந்து சேர்ந்திருப்பது ஏற்கெனவே மெலிந்த மண்.

சரி, நிறுத்துவது எப்படி? முதலில் பாத்தியின் திசை. நம் பக்கத்தில் பலரும் பாத்தியை மேலிருந்து கீழாக இழுக்கிறார்கள். கேட்டால், குறுக்கே போட்டால் தண்ணீர் தேங்கிக் கிழங்கு அழுகும் என்பார்கள். அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. அதற்காக நேர் கீழே விட வேண்டியதில்லை. சரிவுக்குக் குறுக்கே போட்டு, ஒரு பக்கமாக மிக மெல்லிய இறக்கம் கொடுத்தால் போதும். தேயிலை மலைகளில் கான் வெட்டும்போது ஏறக்குறைய 120 அடிக்கு ஓர் அடி இறக்கம் கொடுப்பார்கள். தண்ணீர் நடந்து போகும், ஓடாது.

மட்டம் பிடிக்கக் கருவி வாங்கத் தேவையில்லை. ஒரே நீளமுள்ள இரண்டு கம்புகளை எடுங்கள், ஓராள் உயரம் போதும். மேல் நுனிகளைச் சேர்த்துக் கட்டி, கால்களை விரித்து வைத்து, நடுவில் ஒரு குறுக்குக் கம்பைக் கட்டுங்கள். மேல் முடிச்சிலிருந்து நூலில் ஒரு கல்லைத் தொங்கவிடுங்கள். நூல் குறுக்குக் கம்பைத் தாண்டித் தொங்க வேண்டும். இரண்டு கால்களும் நிற்கிற இடத்தில் முளை அடித்துவிட்டு, நூல் குறுக்குக் கம்பைத் தொடும் இடத்தில் கரியால் ஒரு கோடு போடுங்கள். பிறகு சட்டத்தைத் திருப்பி, இடது கால் இருந்த முளையில் வலது காலும் வலது கால் இருந்த முளையில் இடது காலும் வருமாறு வைத்து இன்னொரு கோடு போடுங்கள். இரண்டு கோட்டுக்கும் நடு மையம்தான் மட்டம். அப்புறம் காணியின் ஓரத்திலிருந்து ஒரு காலை ஊன்றி, நூல் மையத்துக்கு வரும்வரை மறு காலை ஏற்றி இறக்கிப் பாருங்கள். வந்த இடத்தில் முளை அடித்துவிட்டு அடுத்த அடிக்குப் போங்கள். ஒரு பின்னேரத்தில் இருபது பேர்ச்சையும் இப்படி முளையடித்துவிடலாம். முளைகளைப் பார்த்தால் கோடு வளைந்து வளைந்து போகும். அதை நேராக்காதீர்கள், அந்த வளைவுதான் உங்கள் மலையின் மட்டம்.

அந்தக் கோடுகளை ஒட்டி, முன்னே சொன்ன மெல்லிய இறக்கத்தையும் கொடுத்து, நாலைந்து மீற்றருக்கு ஒன்றாக, கான் வெட்டுங்கள். கானின் உள்ளே இடையிடையே குழியும், குழிக்கும் குழிக்கும் நடுவே கானின் கரையை விடத் தணிந்த ஒரு வரம்பும் விட வேண்டும். வருகிற மண் குழியில் படியும், மேலே நிற்கும் தண்ணீர் அடுத்த குழிக்கு வழியும். படிந்த மண்ணை மழைக்குப் பிறகு அள்ளி மேல் பாத்தியில் போடுங்கள். இந்த வேலையை விட்டுவிட்டால் ஒரே பருவத்தில் கான் தூர்ந்துபோகும், வெட்டிய கூலி வீண். கானின் கரையில் வெட்டிவேரை நெருக்கமாக நடலாம். வீட்டில் மாடு இருந்தால் குவாத்தமாலா புல் நல்லது, தீனியும் ஆகும். கிளிரிசிடியாவைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். தாழ்ந்த இடங்களில் அது அருமையான மரம், மேலே ஏற ஏறச் சுணங்கிவிடும். நுவரெலியாக் குளிரில் அதை நம்ப முடியாது. உங்கள் உயரத்தில் நாலு கம்பு நட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இருநூறு வருடம் இந்த மலைகளில் உழைத்தும், நம்மில் பெரும்பாலான குடும்பங்களுக்குக் காணி உறுதி கையில் இல்லை. நாளைக்கு எடுத்துக்கொள்வார்களோ என்ற பயத்தில் இருப்பவரிடம் பத்து வருடத்தில் பலன் தரும் மரத்தை நடச் சொல்வது நியாயமில்லை. மண்ணைக் காக்க வேண்டும் என்று மேடையில் பேசுகிறவர்கள் முதலில் இதைப் பேச வேண்டும். உங்கள் நிலைமை அதுவானால், ஒரு வருடத்துக்குள் பலன் தெரிகிற வேலைகளை மட்டும் செய்யுங்கள். குறுக்குப் பாத்தி, குழிக்கான், புல் வரிசை, மூடாக்கு (பாத்தியை வைக்கோல், புல்லால் மூடுவது), இந்த நாலின் பலனும் அதே வருடம் தெரியத் தொடங்கும்.

"அகல உழுவதை விட ஆழ உழு" என்பது சமதரைக்குச் சொன்னது. சரிவில் ஒவ்வொரு போகத்துக்கும் முழுக் காணியையும் கொத்திப் புரட்டினால், அடுத்த மழைக்கு மண்ணைப் பொதிகட்டிக் கொடுத்த கணக்குத்தான். கிழங்குக்கும் கரட்டுக்கும் கொத்தாமல் முடியாது. போஞ்சி, கோவா, தக்காளிக்கு நடுகிற இடத்தை மட்டும் கிளறினால் போதும்.

இப்போது மண்ணின் புளிப்பு. புளிப்பைப் பிஎச் பெறுமானத்தால் அளப்பார்கள், அது குறையக் குறையப் புளிப்புக் கூடும். தேயிலை, பிஎச் 4.5க்கும் 5.5க்கும் இடையில் சுகமாக வளரும். மரக்கறிகளில் பெரும்பாலானவற்றுக்கு 5.5 முதல் 6.5 வேண்டும். பழைய தேயிலை மண்ணில், அதுவும் வருடக்கணக்கில் நைதரசன் பசளை போட்ட மண்ணில், புளிப்பு நிச்சயம் கூட இருக்கும். அந்த அளவில் மண்ணிலுள்ள அலுமினியம் கரைந்து வேர் நுனியைக் கருக்கும், பொசுபரசு மண்ணோடு இறுகிப் பூட்டிக்கொள்ளும். நீங்கள் பசளையைக் கூட்டக் கூட்டப் பயன் குறைவதற்கு இது பெரிய காரணமாக இருக்கலாம். இதற்கு மருந்து டொலமைட் என்ற சுண்ணாம்புக் கல் தூள்தான், விலையும் குறைவு. ஆனால் கண்ணை மூடிக்கொண்டு கொட்ட வேண்டாம். காணியில் குறுக்கும் நெடுக்குமாகப் பத்துப் பன்னிரண்டு இடத்தில் ஆறங்குல ஆழத்துக்கு மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அரைக் கிலோவைக் கமநல சேவை நிலையத்தில் உள்ள விவசாயப் போதனாசிரியரிடம் கொண்டுபோய்க் கேளுங்கள். எங்கே பரிசோதிப்பது என்று அவர் வழிகாட்டுவார். அறிக்கை வரும்வரை பொறுக்க முடியாவிட்டால், பேர்ச்சுக்கு 5 கிலோவுக்கு மேல் போகாதீர்கள். நடுவதற்கு மூன்று நான்கு கிழமைக்கு முன்னரே போட்டு மண்ணோடு கலந்துவிட வேண்டும். யூரியாவையோ கோழி எருவையோ அதனோடு சேர்த்துப் போட்டால் நைதரசன் ஆவியாகப் போய்விடும். அந்தக் காரமான வாசனை வந்தாலே காசு காற்றில் போகிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

கோழி எரு பற்றியும் சொல்லியாக வேண்டும். நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் மரக்கறி செய்கிற பல காணிகளில் பொசுபரசு ஏற்கெனவே தேவைக்கு மேல் குவிந்து கிடக்கிறது. அடிக்கட்டுப் பசளையில் டிஎஸ்பி என்ற பொசுபரசுப் பசளை, அதற்கு மேல் மூட்டை மூட்டையாகக் கோழி எரு என்று வருடா வருடம் போட்டதன் விளைவு. அறிக்கையில் பொசுபரசு கூட என்று வந்தால், டிஎஸ்பியை அந்தப் போகத்தில் குறைப்பதா நிறுத்துவதா என்று போதனாசிரியரிடம் கேட்டுச் செய்யுங்கள். பச்சைக் கோழி எருவைப் போடவே வேண்டாம். மூடி வைத்து, சூடு அடங்கும்வரை மக்கவிட்டுப் போடுங்கள்.

அப்படியானால் இரசாயனத்தை ஒரேயடியாக விட்டுவிடலாமா? கூடாது தம்பி. 2021 மே மாதம் நாடு முழுவதும் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே இரவில் நிறுத்தினார்கள், நவம்பரில் திரும்பப் பெற்றார்கள். அந்த இடைவெளி என்ன செய்தது என்று தோட்டத்தில் இருக்கிற உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2021இல் ஏறக்குறைய 30 கோடி கிலோவாக இருந்த தேயிலை உற்பத்தி, அடுத்த வருடம் 25 கோடி கிலோ அளவுக்கு விழுந்தது. காரணம் எளிய கணக்கு. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். நல்ல கூட்டெருவில் ஒன்று, மிஞ்சினால் ஒன்றரை. 50 கிலோ யூரியா மூட்டை ஒன்றின் நைதரசனுக்கு ஏறக்குறைய 2 தொன் கூட்டெரு வேண்டும், அதிலும் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைப்பது ஒரு சிறு பங்குதான். கூட்டெருவின் பெருமை வேறு இடத்தில் இருக்கிறது. மண்ணைத் துகள் துகளாக நிற்க வைக்கும், தண்ணீரைப் பிடிக்கும், போட்ட இரசாயனப் பசளை கழுவிப் போகாமல் வைத்திருக்கும். ஆகவே இரண்டையும் சேர்த்துப் பாவித்து, மண் தேறத் தேற யூரியாவைப் படிப்படியாகக் குறையுங்கள். மேற்கட்டுப் பசளையை ஒரே தடவையில் கொட்டாமல் இரண்டு மூன்றாகப் பிரித்துப் போட்டாலே வீண் போவது நன்றாகக் குறையும்.

காசில்லாத பசளை ஒன்று உங்கள் பாதையோரத்திலேயே நிற்கிறது. மஞ்சள் பூப் பூக்கும் காட்டுச் சூரியகாந்தியைத்தான் சொல்கிறேன். அதன் காய்ந்த இலையில் நூற்றுக்கு மூன்று பங்குக்கு மேல் நைதரசனும், அதைவிடக் கூடப் பொற்றாசியமும் உண்டு. பூக்கும் முன்னால் இளங்கொப்பை வெட்டி, சிறிதாக நறுக்கி, நடுவதற்கு இரண்டு கிழமைக்கு முன் புதைத்துவிடுங்கள். முற்றிய தண்டைப் போட வேண்டாம், அது வேர்விட்டுக் காணியைப் பிடித்துக்கொள்ளும். அதே காரணத்தால் எல்லையில் நடவும் வேண்டாம்.

தண்ணீருக்கு வருவோம். ஒரு பேர்ச் என்பது ஏறக்குறைய 25 சதுர மீற்றர். அதில் ஒரு மில்லிமீற்றர் தண்ணீர் நிற்க 25 லீற்றர் வேண்டும். ஆடியில் கச்சான் காற்று வீசும்போது பயிரும் மண்ணும் சேர்ந்து நாளுக்கு நாலு மில்லிமீற்றர் வரை இழக்கும் என்று வைத்தால், உங்கள் இருபது பேர்ச்சுக்கும் தினமும் 2,000 லீற்றர். உங்கள் பீலி அதைத் தருமா என்று ஒரு வாளியை வைத்து, நிரம்பும் நேரத்தைப் பார்த்துக் கணக்கிடுங்கள். தராவிட்டால் அந்த மாதங்களில் பாதிக் காணியை மட்டும் செய்து, மீதியை மூடாக்குப் போட்டு விடுவதுதான் புத்தி. அரைத் தண்ணீரில் முழுக் காணியைச் செய்து எல்லாவற்றையும் வாடவிடுவதில் யாருக்கும் லாபமில்லை.

மலையில் நமக்கு ஒரு வசதி உண்டு. தொட்டி பத்து மீற்றர் உயரத்தில் இருந்தால், பம்ப் இல்லாமலே ஒரு பார் அழுத்தம் கிடைக்கும். சொட்டுக் குழாய்க்கு அது போதும். இரவில் பீலித் தண்ணீரைத் தொட்டியில் விட்டு, வடிகட்டி ஒன்றைக் கட்டாயம் போட்டு, காலையில் திறந்துவிடுங்கள். சுழல் குழாயால் தெளிப்பதை விட இதில் தண்ணீரும் மிச்சம், நோயும் குறைவு. பின்னேரத்தில் தெளித்து இலை இரவு முழுக்க ஈரமாக இருந்தால், கிழங்கிலும் தக்காளியிலும் கருகல் ஓடிப் பிடிக்கும். சொட்டுக் குழாய்க்குக் காசு இல்லையென்றால் ஹோஸைச் செடியின் அடியில் வைத்து ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். பாத்தியை வைக்கோல், வெட்டிய புல், எது கிடைக்கிறதோ அதால் நாலு விரல் கனத்துக்கு மூடுங்கள். தண்ணீர் ஊற்றும் முன் ஒரு சாண் தோண்டி மண்ணைக் கையில் பிடித்துப் பாருங்கள். உருண்டையாக நின்றால் அன்றைக்குத் தண்ணீர் தேவையில்லை.

புழு சாவதில்லை என்றீர்கள். கோவாவில் தொட்டவுடன் துடித்து நூலில் தொங்கும் சின்னப் பச்சைப் புழுதானே? அது உலகம் முழுக்க மருந்துக்குப் பழகிப்போன பூச்சி. ஒரே வகை மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால், தப்பியவை மட்டும் பெருகி அடுத்த தலைமுறை முழுதும் தாங்குகிறதாக வரும். கூடவே அதைத் தின்னும் குளவியும் சிலந்தியும் செத்துப்போகும்.

இதற்கு நம் தேயிலையிலேயே பெரிய பாடம் இருக்கிறது. இலையைச் சுருட்டித் தின்னும் புழு ஒரு காலத்தில் தோட்டங்களைப் பாடாய்ப் படுத்தியது. 1935, 36இல் தேயிலை ஆராய்ச்சி நிலையம் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டது. புழுவுக்குள் முட்டையிடும் அந்தக் குளவி, மருந்தே இல்லாமல் புழுவை அடக்கியது. பிறகு 1950களில், தண்டைத் துளைக்கும் வண்டுக்கு டீல்ட்ரின் அடிக்கத் தொடங்கினார்கள். வண்டுக்கு அடித்த மருந்து குளவியைக் கொன்றது. அடங்கிக் கிடந்த சுருட்டுப் புழு மறுபடி தலையெடுத்தது. 1990களில் கிழங்கிலும் போஞ்சியிலும் வந்த, இலைக்குள் வெள்ளைக் கோடு இழுக்கும் புழுவுக்கும் இதே நியாயம்தான். கண்டபடி மருந்து அடிக்கும் காணிகளில் அது பெருகத்தான் செய்கிறது.

கோவாப் புழுவுக்கு பசிலஸ் துரிஞ்சியன்சிஸ் என்ற பக்டீரியா மருந்து கடையில் கிடைத்தால் வாங்குங்கள். புழு சின்னதாக இருக்கும்போது, வெயில் சாய்ந்த பிறகு, இலையின் அடிப்பக்கம் நனைய அடிக்க வேண்டும். வெயிலில் அதன் வீரியம் போய்விடும். அறுவடை முடிந்த கோவாத் தண்டைக் காணியில் விடாதீர்கள், அடுத்த பயிருக்கான புழு அதில்தான் வளர்கிறது.

தக்காளி, கிழங்குச் செடி பச்சையாகவே திடீரென்று வாடினால் மருந்துக் கடைக்கு ஓட வேண்டாம். தண்டின் அடியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் வெட்டுமுகம் மூழ்கும்படி தொங்கப் பிடியுங்கள். சில நிமிடத்தில் வெட்டிலிருந்து பால் நிறத்தில் நூல் போல ஒன்று இறங்கினால், அது பக்டீரியா வாடல். தெளிக்கிற எந்த மருந்தும் அதைக் காப்பாற்றாது. செடியை மண்ணோடு பிடுங்கி அப்புறப்படுத்தி, அந்த இடத்தில் தக்காளி, கிழங்கு, மிளகாய், கத்தரி எதையும் சில போகத்துக்கு நடாமல், சோளமோ போஞ்சியோ போடுங்கள். வெலிமடை வயல்காரர்கள் நெல்லுக்குப் பிறகு கிழங்கு போடுவதில் இந்த லாபமும் உண்டு. தண்ணீர் கட்டி நிற்கும் வயலில் இந்த மண் நோய்கள் மெலிந்துபோகும்.

கோவா வேர் வீங்கி முடிச்சு முடிச்சாக வந்தால் அது வேறு நோய். புளிப்பு மண்ணில்தான் அது கொழுக்கும், அதற்கும் டொலமைட் உதவும். அதன் வித்து பத்து வருடத்துக்கு மேலும் மண்ணில் கிடக்கும் என்பதால், கோவா, முள்ளங்கி, நோக்கோல் இனத்தை அந்தப் பாத்தியில் திரும்பப் போடாதீர்கள். கிழங்கு வேரில் பொன்னிற மணி போல ஒட்டியிருக்கும் வட்டப்புழு நுவரெலியாப் பக்கத்தில் இருக்கிறது. அது விதைக்கிழங்கிலும், பூட்ஸிலும், இரவல் மண்வெட்டியிலும் ஒட்டிய மண்ணோடுதான் ஊர்விட்டு ஊர் போகும். விதைக்கிழங்கை உறுதிப்படுத்திய இடத்தில் மட்டும் வாங்குங்கள், இரவல் கருவிகளைக் கழுவிவிட்டு இறக்குங்கள்.

மருந்து அடிக்கவே வேண்டிய நாளும் வரும். பனியும் தூறலுமாக நாலு நாள் இருந்தால், கருகலுக்கு முன்கூட்டியே பூஞ்சண மருந்து அடிப்பதில் தவறில்லை. இரண்டு மூன்று மருந்தை ஒரே டாங்கியில் கலக்காதீர்கள். கடைசியாக அடித்த நாளிலிருந்து பறிக்கும் நாள்வரை லேபலில் போட்டிருக்கும் இடைவெளியைக் காத்திருங்கள், அந்த மரக்கறியை உங்கள் பிள்ளைகளும்தான் சாப்பிடுகிறார்கள். போத்தலை லயத்துக்குள் வைக்கவே வேண்டாம். வெளியே ஒரு பெட்டியில் பூட்டி வைத்து, திறப்பைப் பெரியவர் ஒருவர் கையில் கொடுங்கள். மருந்துப் போத்தல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்ததால் மலையகத்தில் எத்தனை வீட்டில் இழவு விழுந்திருக்கிறது.

வேலையை மேல் பாத்தியிலிருந்து தொடங்குங்கள், மேலே நிறுத்தாத தண்ணீரைக் கீழே நிறுத்த முடியாது. புரட்டாதிக்குள் மேல் இரண்டு கானையாவது வெட்டி முடித்தால் ஐப்பசி மழையில் வித்தியாசம் தெரியும். மண் அறிக்கை வந்ததும் பிஎச் பெறுமானத்தையும் பொசுபரசு, பொற்றாசியம் அளவையும் எனக்கு எழுதுங்கள். எந்தப் பயிருக்கு எவ்வளவு டொலமைட், எவ்வளவு பசளை என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன்.